ஐந்துக்குப் பிறகு லாபம்

கேட்கிறவர்கள் உட்கார்ந்து கேளுங்கள், அவசரக்காரர்களுக்கு நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது: எங்கள் உப்போடைப்பட்டிக்குப் பட்டப்பகலில் ஒரு பேய் வந்தது, அதன் முதுகில் முறம் அகலத்துக்கு ஒரு சூரியத் தகடு இருந்தது, வலது கை ஓங்கியது ஓங்கியபடியே நின்றது, டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் வந்தது. இதில் நம்ப முடியாதது எது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் நாங்கள் பஸ்ஸைத்தான் சொல்வோம். ஏனென்றால் பதினொன்றே கால் பஸ் பதினொன்றே காலுக்கு வந்தது அந்த ஒரு நாள்தான்.

பேய் வந்ததற்குக் காரணம் குருவம்மாள். அவள் எங்கள் ஊர் ஜெயவிளக்கு அச்சகத்தின் பைண்டிங் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். அச்சகத்து முதலாளி வெயிலுமுத்து அண்ணாச்சி மாதம் ஒரு நாவல் போட்டு, கன்னியாகுமரி முதல் திண்டுக்கல் வரை பெட்டிக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவார். தொண்ணூற்றாறு பக்க நாவல் ஆறு ஃபாரமாக அச்சாகும். பதினாறு பக்கம் அச்சான ஒரு தாளை மடித்தால் அதுதான் ஒரு ஃபாரம். ஆறு ஃபாரங்களையும் ஆறு அடுக்காக ஒரு நீள மேஜையைச் சுற்றி வைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு பெண்கள் கோயிலை வலம் வருகிற மாதிரி மேஜையை வலம் வந்து, அடுக்குக்கு ஒன்றாக எடுத்துக் கையில் சேர்ப்பார்கள். ஒரு சுற்று முடிந்தால் கையில் ஒரு புத்தகம் இருக்கும். குருவம்மாள்தான் முன்னால் நடப்பாள், அவள்தான் எண்ணுவாள், நெல் அளக்கிறவர்கள் மாதிரி ஒன்றை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பாள்: லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, மறுபடி லாபம். அந்தக் குரலுக்கு மற்றவர்களின் கை தானாக நீளும்.

அந்தக் கூடத்துக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, லாபம் குறையக் கூடாது. அதனால் முதல் ஃபாரத்தை மட்டும் அண்ணாச்சி எப்போதும் இரண்டு மடங்கு அச்சடித்துப் பரணில் போட்டு வைப்பார், அது எதற்கு என்று கேட்டால் பூச்சி அரிக்க என்பார். இரண்டாவது, யாரும் எதையும் வாசிக்கக் கூடாது. ஒரு காலத்தில் பூங்கனி என்று ஒருத்தி சுற்றில் நடந்துகொண்டே ஒரு காதல் கடிதத்தை வாசித்து நின்றுவிட, பின்னால் வந்த பதினோரு பேரும் ஒருவர் மேல் ஒருவர் மோதி, நானூறு புத்தகம் தலைகீழாகத் தைக்கப்பட்டுப் போனதிலிருந்து அந்தச் சட்டம். கண் பக்கத்தின் அடியில் இருக்கிற எண்ணை மட்டும்தான் பார்க்கவேண்டும். எட்டாவது வரை படித்த குருவம்மாள் இருபத்திரண்டு வருஷத்தில் லட்சக்கணக்கான புத்தகங்களை அடுக்கி ஒன்றைக்கூட வாசித்ததில்லை. சமையற்காரனுக்குப் பசிக்காது என்பார்களே, அந்தக் கதைதான்.

அந்த ஐப்பசியில் தீபாவளியை முன்னிட்டு அண்ணாச்சி இரண்டு நாவல் போட்டார். ஒன்று மயானப்பிரியன் எழுதிய பேய்க்கதை. மயானப்பிரியன் பிழைப்புக்குக் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிக் கொடுக்கிறவர், ஆகவே அவருடைய பேய்கள் ரத்தம் குடிக்கும்போதுகூடச் சுற்றமும் நட்பும் சூழக் குடிக்கும். இன்னொன்று அணுநாதன் எழுதிய விஞ்ஞானக் கதை. அணுநாதன் பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர், அவருடைய கதையில் எந்தக் கிரகத்து ஜீவனுக்கும் நெஞ்சுக்குள் ஒரு கண்டென்சர் இருக்கும். இரண்டு பேரும் பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். இரண்டு நாவலிலும் அடியில் எண் மட்டும்தான் போட்டிருந்தது, பேர் இல்லை.

குருவம்மாள் அப்போது அத்தை மகள் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு அன்றைக்குக் காலையில்தான் வேலைக்கு வந்தாள். இந்த மாதம் இரண்டு நாவல் என்று அவளிடம் சொல்ல அண்ணாச்சி மறந்துவிட்டார். பகல் ஒரு மணிக்கு ஊர் ஓடை நிரம்புகிற மழை, ஓட்டு வழியாகக் கூடத்துக்குள் ஊற்றியது. குருவம்மாள் ஓடி ஓடி நனையாத அடுக்குகளை மட்டும் ஒரு மேஜைக்கு இழுத்தாள். லாபம் ஒரு அடுக்கு இருந்தது, ரெண்டு ஒரு அடுக்கு இருந்தது, மூணு, நாலு, அஞ்சு இருந்தன. மிச்சமெல்லாம் கூழ். ஆறு மட்டும் இரண்டு அடுக்கும் நனைந்து போயிற்று.

"அண்ணாச்சி, ஆறு இல்லயே" என்றாள்.

"நாலு மணி பஸ்ல பார்சல் போகணும். கடைசிப் பக்கத்த எவன் படிக்கான், அஞ்சோட பின் அடிச்சு அனுப்பு" என்றார் அண்ணாச்சி.

அனுப்பினார்கள். ஒன்றும் மூன்றும் ஐந்தும் மயானப்பிரியனுடையவை, இரண்டும் நான்கும் அணுநாதனுடையவை என்பது அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. எண் சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பேய் வந்து இறங்கியது. வெள்ளைப் புடவை, கால்கள் இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் காற்று, முதுகில் கறுப்புத் தகடு, ஓங்கிய வலது கை. கால் இல்லாதவளுக்கு முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா என்று கண்டக்டர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்ததாகப் பிறகு சொன்னார். அது நேரே பைண்டிங் கூடத்துக்கு மிதந்து வந்து வாசலில் நின்றது.

"சுற்றமும் நட்பும் சூழ வீற்றிருக்கும் பெரியோர்களே, என் கதை எண்பதாம் பக்கத்தில் நிற்கிறது. மீதிப் பக்கங்களைத் தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன். வோல்ட்டேஜ் குறைவாக இருக்கிறது, கொஞ்சம் வெயிலுக்கு நகர்ந்துகொள்கிறேன்" என்றது.

எல்லோரும் குருவம்மாளைப் பார்த்தார்கள். குருவம்மாள் அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி பக்கத்துக் கடைக்கு டீ சொல்லப் போனார்.

பேர் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஒற்றைப்படை ஃபாரங்களில் அவள் பேர் சுலோச்சனா, வஞ்சகன் ஒருவனால் கொலையுண்டு பழிவாங்க வந்தவள். இரட்டைப்படை ஃபாரங்களில் அவள் பேர் இயந்திரம் ஏழு, சூரிய ஒளியில் ஓடுகிறவள், கேட்ட சத்தத்தையெல்லாம் உள்ளே பதிந்து வைத்துக்கொள்கிறவள். இரண்டுக்கும் அவள் பதில் சொன்னாள். கிராம நிர்வாக அலுவலர் யோசித்துப் பார்த்து ஊர்ப் பதிவேட்டில் சுலோச்சனா ஏழு என்று எழுதினார், தகப்பனார் பேர் என்ற இடத்தில் இரண்டு பேர் என்று எழுதினார்.

ஊர் அவளுக்குப் பழகிக்கொண்டதா, அவள் ஊருக்குப் பழகிக்கொண்டாளா என்று கேட்டால், இரண்டுக்கும் சேர்த்து ஒரு வாரம் ஆனது. வெயிலில் ஓடுகிற பேயானதால் காலை பத்து மணிக்குத்தான் அவளுக்கு உயிர் வரும், சாயங்காலம் ஐந்தானால் சுருண்டு படுத்துவிடுவாள், ஆகவே இருட்டில் அவளைப் பார்த்து யாரும் பயப்பட வழியில்லை. பகலில் பயப்பட எங்கள் ஊரில் யாருக்கும் நேரமில்லை. மின்வாரியத்துக்காரர் வந்து இவள் வீட்டு இணைப்பா வியாபார இணைப்பா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கேயும் கொக்கி போடவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோடாங்கி வந்து முழுதாக ஒரு மணி நேரம் உடுக்கை அடித்தார். அவள் அதை அப்படியே உள்ளே பதிந்துகொண்டு, அவர் களைத்து உட்கார்ந்ததும் அதைவிடச் சுத்தமாக அடித்துக் காட்டினாள். மறுவாரம் கைவலி என்று சொல்லி, பக்கத்து ஊரில் பேய் ஓட்டுவதற்கு அவளையே அவர் கூட்டிக்கொண்டு போனார்.

வத்தல் காயப்போட்ட மொட்டை மாடிகளில் அவளுக்கு ஏக மரியாதை. எங்கே வெயில் நிற்கிறதோ அங்கேதான் அவள் உட்காரவேண்டும், எங்கே அவள் உட்கார்ந்தாலும் காக்காய் வராது. மேகமூட்டமான நாளில் பாதிப் பேச்சில் நின்றுபோவாள். அப்போது பெண்கள் வத்தல் பாயை இழுக்கும்போது அவளையும் சேர்த்து வெயில் பக்கம் இழுத்துவிடுவார்கள், அவள் விட்ட இடத்திலிருந்து பேசுவாள்.

எல்லாவற்றையும்விட அந்த அலறல். மூன்றாம் ஃபாரத்தில் மணி பன்னிரண்டு அடித்ததும் அவள் ஈரக்குலை நடுங்க அலறவேண்டும் என்று மயானப்பிரியன் எழுதியிருந்தார். அவர் நினைத்தது ராத்திரிப் பன்னிரண்டு. அவளுக்குத் தெம்பு இருந்ததோ பகல் பன்னிரண்டுக்கு. எங்கள் பஞ்சாயத்துச் சங்கு பழுதாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, மனு கொடுத்துக் கொடுத்து எல்லோருக்கும் கை ஓய்ந்திருந்தது. இப்போது சரியாகப் பன்னிரண்டுக்கு அந்த அலறல் மூன்று மைல் சுற்றுக்குக் கேட்டது, தீப்பெட்டி ஆபீஸ்களில் பெண்கள் கையைக் கழுவினார்கள், பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள், உலையில் அரிசி போட்டார்கள். ஒருநாள் மழையில் அவள் அலறாமல் போக, ஊரே மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டது.

பயம் வந்தது வேறு வழியாக. ஐந்தாம் ஃபாரத்தின் கடைசி வரி, அதாவது எண்பதாம் பக்கத்தின் கடைசி வரி, இப்படி நின்றிருந்தது: சுலோச்சனா பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை ஓங்கினாள். அடுத்த கணம். அதற்கு மேல் இல்லை. அதனால் அவளால் கையை இறக்க முடியவில்லை. யாரை அடிக்க ஓங்கினாள் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வஞ்சகனின் பேர் கூழாகிப்போன மயானப்பிரியனின் நான்காம் ஃபாரத்தில் இருந்தது. தெருத்தெருவாக மிதந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் பணிவாகக் கேட்பாள்: "தாங்கள்தானா அது?"

ஊரில் யாரும் சட்டென்று இல்லை என்று சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம் யோசித்தார்கள். பத்து வருஷமாகத் தம்பி பங்குக் கிணற்றில் தண்ணீர் விடாத ஒருவர் அன்று மத்தியானமே வாய்க்காலை வெட்டிவிட்டார். மாமியாரும் மருமகளும் ஒரே சொம்பில் மோர் குடித்தார்கள். அண்ணாச்சி பின்வாசல் வழியாக வரப்போக ஆரம்பித்தார்.

ஆனால் கை என்னவோ அவளுடைய கைதானே. வலித்தது. பேய்க்கு வலிக்குமா என்று கேட்காதீர்கள். இரண்டாம் ஃபாரத்தில் அணுநாதன் அவளுக்கு நாற்பது அடி செப்புக் கம்பியில் நரம்பு வைத்திருந்தார், எல்லாம் வலித்தது. ஊரார் அந்தக் கையில் குடை மாட்டினார்கள், தூக்குவாளி மாட்டினார்கள், ஒரு கல்யாண வீட்டில் தோரணமே கட்டினார்கள். குருவம்மாள் ஒருத்திதான் தினமும் அலறல் முடிந்ததும் நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிப்போய், தோள்பட்டையிலிருந்து மணிக்கட்டு வரை நீவிவிட்டாள்.

குருவம்மாள் தனிக்கட்டை. கட்டியவன் கல்யாணமான மறு வருஷம் லாரியில் கிளீனராகப் போனவன், லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் எத்தனை புத்தகம் ஆச்சு என்று கேட்டிருக்கிறார்களே தவிர வேறு ஒன்றும் யாரும் கேட்டதில்லை.

"நீங்கள்தானே என்னை அடுக்கியது?" என்று ஒருநாள் சுலோச்சனா கேட்டாள்.

"ஆமாத்தா. தெரியாம அடுக்கிட்டேன். மன்னிச்சிரு."

"தெரிந்து அடுக்கியிருந்தால் நான் ராத்திரியெல்லாம் புளியமரத்தில் தொங்கிக்கொண்டிருப்பேன். இல்லாவிட்டால் ஏதோ ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருப்பேன். வெயிலில் உட்கார்ந்து உங்கள் கையால் எண்ணெய் தேய்த்துக்கொள்ள என்னை யார் எழுதுவார்கள்?"

குருவம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன அக்கான்னு கூப்பிடு" என்றாள்.

"அக்கா" என்றாள் சுலோச்சனா, அந்தச் சொல்லைத் தனக்குள் பதிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, இந்தக் கையை இறக்கணும். என்னால முடியல" என்றாள். கல்யாணப் பத்திரிகையும் இல்லாமல் ரேடியோக் கடையும் இல்லாமல் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

இதற்குள் புத்தகங்கள் திரும்பி வந்துவிட்டன. முடிவு இல்லை என்று ஏஜென்டுகள் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், கூடவே வாசகர் கடிதங்கள் வந்தன. அண்ணாச்சி திட்டு வாங்கத் தயாராகத்தான் பிரித்தார். ஒருத்தர் எழுதியிருந்தார், பேய்க்கதை படித்தால் புத்தகத்தை மூடும்வரைதான் பயம், இதைப் படித்ததிலிருந்து வீட்டில் ஃபேன் சுவிட்சைக்கூடக் குச்சியால்தான் போடுகிறேன், தயவுசெய்து முடிவை அனுப்பவும். இன்னொருத்தர், விஞ்ஞானத்தில் இவ்வளவு கண்ணீர் இருப்பது தெரியாமல் கணக்குப் பாடத்தில் பெயிலாகிவிட்டேன், முடிவை அனுப்பவும் என்றிருந்தார். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்.

அண்ணாச்சி இரண்டு எழுத்தாளர்களையும் கூடத்துக்கு வரவழைத்தார். சுலோச்சனா அப்போது பக்கத்து மாடியில் வத்தலோடு காய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"பேயின்னா ஒரு இருட்டு வேணும், ஒரு நாய் ஊளையிடணும். மோர்மிளகாக்குக் காவல் இருக்கிற பேய நான் எழுதல" என்றார் மயானப்பிரியன்.

"என் இயந்திரம் அலறாது. அலறுறதுக்கு விஞ்ஞானத்துல எடமே கிடையாது. ஸ்பீக்கர்ல கோளாறுன்னா சொல்லுங்க, பார்த்துத் தாரேன்" என்றார் அணுநாதன்.

"சண்டைய அப்புறம் வச்சுக்கிடுங்க. ஆறாம் ஃபாரத்துல நீங்க எப்படி முடிச்சிருந்தீக?" என்று கேட்டார் அண்ணாச்சி.

மயானப்பிரியனின் முடிவில் மந்திரவாதி அவள் உச்சந்தலையில் இரும்பு ஆணியை அறைந்து புளியமரத்தோடு சேர்த்துவிடுகிறார். அணுநாதனின் முடிவில் விஞ்ஞானி அவள் பிடரியில் இருக்கும் சுவிட்சை அணைத்துப் பாகம் பாகமாகப் பெட்டியில் போடுகிறார். எந்த முடிவு என்று மூன்று மணி நேரம் கத்தினார்கள். டீ வந்தது, மறுபடி டீ வந்தது. அப்புறம் திடீரென்று அணுநாதன் ஒரு விரலைத் தூக்கினார்.

"சார்வாள், அந்த ஆணிய சுவிட்சுலயே அடிச்சா என்ன?"

மயானப்பிரியன் அவரைப் பார்த்தார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது. "அடிச்சா... ஆவியும் போகும், கரண்டும் போகும். அடடா! தம்பி, நீங்க இதுவரைக்கும் எங்க இருந்தீக?"

பதினைந்து வருஷப் பகை ஒரு ஆணியில் தீர்ந்தது. இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து பதினாறு பக்கத்தை எழுதி முடித்தார்கள், ஒருவர் ஒரு வரி மற்றவர் ஒரு வரி, நடுநடுவே சபாஷ் சபாஷ் என்று சத்தம். இரண்டு இலக்கியம் கலந்து புது இலக்கியம் பிறக்கிறது என்று அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. வியாழக்கிழமை ஆறாம் ஃபாரம் அச்சாகி, மடிந்து, மேஜைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸுக்குள் பழைய பின்னைப் பிரித்து, ஆறைச் சேர்த்து, புதுப் பின் அடித்துவிடவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் குருவம்மாள் கூடத்தைத் திறந்தாள். ஆறாம் அடுக்கின் முன்னால் நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கண் பக்கத்தின் அடியிலிருந்து மேலே ஏறியது. வாசித்தாள். ஓங்கிய கை துவண்டு விழுந்தது என்று வாசித்தபோது அப்பாடா என்றிருந்தது. அதற்கடுத்த வரி: ஆணி இறங்கியது, சுவிட்ச் அணைந்தது, வெள்ளைப் புடவைக்குள் ஒருவரும் இல்லை, தங்கள் நல்வரவை நாடும் மயானப்பிரியன், அணுநாதன், சுபம்.

குருவம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையை இறக்கினால் உயிர் போகும். உயிரை வைத்தால் கை இறங்காது. சேர்க்கிறது அவள்தான், வேறு யாருமில்லை. அவள் சேர்க்கமாட்டேன் என்றால் பூங்கனி சேர்ப்பாள். ஓவென்று அழுதாள். அழுது முடித்தபோது, அழுத பழக்கமில்லாததால், என்ன செய்வதென்று தெரியாமல் எண்ண ஆரம்பித்தாள். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சில் நின்றாள். வாய் ஆறு சொல்ல மறுத்தது. வாய் தானாக அடுத்ததைச் சொன்னது: லாபம்.

பரணில் ஏறிப் பூச்சி அரிக்கக் கிடந்த, இதே புத்தகத்தின் முதல் ஃபாரத்து மூட்டையை இறக்கினாள். எண்பதாம் பக்கத்தை ஒரு கையிலும் முதல் பக்கத்தை மறுகையிலும் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். வலது கையை ஓங்கினாள். அடுத்த கணம். இந்தப் பக்கம், முதல் வரி: பஸ் நின்றது.

திரும்ப ஒரு தடவை சேர்த்து வாசித்தாள். வலது கையை ஓங்கினாள், அடுத்த கணம் பஸ் நின்றது. அடிக்க ஓங்கிய கைதான், ஆனால் நம் ஊரில் பஸ்ஸை நிறுத்தவும் அப்படித்தானே ஓங்குகிறோம்! அதற்கப்புறம் வந்த வரிகளையும் வாசித்தாள். ஏறியவளுக்குக் கால்கள் இல்லை என்பதைக் கண்டக்டர் கவனித்தார். அவள் ஜன்னலோரம் அமர்ந்தாள். அவளுக்கு இந்த உலகில் தெரிந்தவர் எவருமில்லை. அந்த வரியைக் குருவம்மாள் மூன்று தடவை வாசித்தாள்.

ஆறாம் அடுக்கை எடுத்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டு, அதன் இடத்தில் முதல் ஃபாரத்தை அடுக்கினாள். பெண்கள் வந்தார்கள். சுற்று தொடங்கியது. குருவம்மாள் எண்ணினாள், கை நீண்டது, எண்ணிக்கையில் ஆறு இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை, அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டே பழகிய கைகள்.

முதல் புத்தகத்தில் பின் அடித்தபோது மணி பதினொன்று. பன்னிரண்டு அடித்தும் அலறல் கேட்கவில்லை. குருவம்மாள் சுற்றை விட்டு ஓடினாள், சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடினாள். ரோட்டு முக்கில் சுலோச்சனா ஓங்கிய கையோடு நின்றுகொண்டிருந்தாள், வெளியூர் போகிற பஸ் அந்தக் கையைப் பார்த்து நின்றது. அவள் ஏறினாள். படியில் மிதந்து, கையை இறக்கி, படியோரக் கம்பியைப் பிடித்தாள். கை இறங்கிவிட்டது. குருவம்மாள் "ஏத்தா!" என்று கத்தினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் முதல் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பதற்கு அவளுக்கு யாரும் இல்லை. பஸ் போய்விட்டது. நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு போனமாதிரி இருந்தது குருவம்மாளுக்கு, ஆனாலும் கை இறங்கியதே, கை இறங்கியதே என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்குத் திரும்பி நடந்தாள்.

அன்றைக்கு ஊர் மூன்று மணிக்குச் சாப்பிட்டது. எழுத்தாளர்கள் இரண்டு பேரும் விஷயம் தெரிந்து துடித்துப்போனார்கள், அவ்வளவு அழகான ஆணி வீணாகிவிட்டதே என்று ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டு அடுத்த நாவலைச் சேர்ந்தே எழுதப் போனார்கள். அண்ணாச்சி குருவம்மாளை வேலையை விட்டு நிறுத்தத்தான் போனார். அதற்குள் கடிதங்கள் வந்தன: நாலாவது சுற்று வாசித்துக்கொண்டிருக்கிறேன், எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, வேலைக்குப் போகவில்லை, இப்படிக்கு. அண்ணாச்சி யோசித்துவிட்டு, பரணில் இருந்த மிச்ச மூட்டைகளையும் இறக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை பத்தரைக்கே குருவம்மாள் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். பதினொன்றே கால் பஸ் வழக்கம்போல் பன்னிரண்டுக்கு வந்தது. இறங்கினாள். வெள்ளைப் புடவை, காலிருக்கும் இடத்தில் கொஞ்சம் காற்று. முதல் ஃபாரம்தானே, அதனால் முதுகில் தகடு இன்னும் முளைக்கவில்லை, ஆள் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிந்தாள். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. குருவம்மாளை அறிமுகமில்லாதவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக் கும்பிட்டாள்.

"பெரியோர்களுக்கு வணக்கம். இவ்வூருக்கு முதன்முறையாக வருகை தருகிறேன். தங்குவதற்கு இடம் காட்டி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"காட்டுதேன் வாத்தா" என்றாள் குருவம்மாள். "மாடி இருக்கு. நல்ல வெயில் விழும்."

இரண்டு பேரும் நடந்தார்கள், ஒருத்தி மிதந்தாள். டீக்கடைக்காரர் வணக்கம் போட்டார், அவளுக்கு அவரைத் தெரியவில்லை. முக்கு திரும்பும்போது சுலோச்சனா நின்று வலது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தவறாக எண்ணவேண்டாம். இந்த வலக்கரம் மட்டும் ஏனோ வலிக்கிறது" என்றாள். பிறகு தானே ஆச்சரியப்பட்டவள் போல, மெதுவாக, "அக்கா" என்றாள்.

முதல் ஃபாரத்தின் பதினாறு பக்கத்திலும் அந்தச் சொல் எங்கேயும் இல்லை. குருவம்மாளுக்கு அது நன்றாகத் தெரியும், மூன்று நாளாக அவள் அதைத்தானே வாசித்துக்கொண்டிருந்தாள். நடுரோட்டில், டீக்கடை பார்க்க, அவள் பைக்குள் கையை விட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். காலையிலேயே சூடாக்கித் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தாள், இன்னும் ஆறவில்லை.